வளரும் பிள்ளையும் அடுத்த வண்டியும்

நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தீபாவளிக்குப் பிள்ளைக்குச் சட்டை தைப்பிக்கும்போது இரண்டங்குலம் தாராளமாக விட்டுத் தைக்கச் சொல்வோம். பாடசாலைக்குச் சப்பாத்து வாங்கும்போது முன்னே ஒரு விரல் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்போம். “வளருகிற பிள்ளை, அடுத்த ஆண்டுக்கும் உதவும்” என்பது தாய்மாரின் தாரக மந்திரம். சிக்கனம் என்ற முறையில் இது பாராட்டுக்குரியதே.

ஆனால் இந்தச் சிக்கனம் செல்லுபடியாகாத பொருள்களும் உலகில் உள்ளன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இவ்வாரம் பேச எண்ணுகிறோம். மண்பாதைகளிலே ஓட்டுவதற்கென்று செய்யப்படும் மோட்டார் சைக்கிள் அது. நம் நாட்டில் பெரியவர்கள் அதனை ஸ்கிராம்பிளர் என்பர். இளைஞர் டேர்ட் பைக் என்பர்.

“இது செல்வந்தர் வீட்டு விளையாட்டு, நமக்கென்ன?” என்று தாளைத் திருப்பிவிட வேண்டாம். கட்டுகஸ்தோட்டையிலும் குண்டசாலையிலும் திகனையிலும் கம்பளையிலும் வாகனத் திருத்தகம் வைத்திருக்கும் தந்தையர் பலர் உளர். எஞ்சினின் ஓசையிலேயே அதன் நோயை அறியும் அவர்களுடைய கைகளைப் பார்த்தே பிள்ளைகள் வளர்கின்றனர். தியத்தலாவையிலோ சாலியபுரத்திலோ நடக்கும் பந்தயத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் போதும். வீட்டில் அதே பேச்சாகிவிடும். பழைய சிறு வண்டியொன்று எப்படியோ வீட்டுக்கு வந்துவிடும். முதல் வண்டி வருவது எளிது. அடுத்த வண்டி எது என்பதிலேயே குடும்பங்கள் தடுமாறுகின்றன.

ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்வோம். பிள்ளைக்கு வயது 11. இரண்டாண்டுகளாக 110 சி.சி. சிறுவர் வண்டியொன்றைத் தோட்டத்து வெளியில் தந்தையின் கண்காணிப்பில் ஓட்டி வருகிறான். இப்போது கால் நீண்டுவிட்டது. வளைவில் திரும்பும்போது முழங்கால் கைபிடியில் இடிக்கிறது. “பந்தயத்துக்குரிய 85 சி.சி. வண்டி வாங்குவோம்” என்கிறார் தந்தை. “என்னத்துக்கு அத்தான் வீண்செலவு? ஒரேயடியாக 250 சி.சி. பழைய ஸ்கிராம்பிளர் ஒன்றை எடுத்துவிட்டால் பதினெட்டு வயதிலும் ஓடலாமே” என்கிறார் தாய்மாமன். “ஓடினது போதும், விற்றுவிடுங்கள்” என்கிறாள் தாய். மூவர் சொல்லிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

உலகம் அமைத்த படிக்கட்டு

இவ்விளையாட்டின் பிறப்பிடம் இங்கிலாந்து. 1924ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சரே மாநிலத்துக் கேம்பர்லி என்னும் ஊரில் மேடுபள்ளமான நிலத்தில் நடந்த ஓட்டப்போட்டியே முதலாவது ஸ்கிராம்பிள் எனக் கூறுவர். பின்னர் ஐரோப்பாக் கண்டத்தில் அது மோட்டோகுரோஸ் என்னும் பெயர் பெற்றது. 1952இல் ஐரோப்பிய வாகையர் போட்டியும், 1957இல் உலக வாகையர் போட்டியும் தொடங்கின.

நம் நாட்டிலும் மோட்டார்ப் பந்தயங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. மண்தரையில் நடக்கும் போட்டிகளுள் தியத்தலாவையின் பொக்ஸ்ஹில் போட்டியும், அநுராதபுரத்துச் சாலியபுரத்தில் நடக்கும் கஜபா போட்டியும் பெயர்பெற்றவை.

இந்த வரலாற்றில் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உலகச் சிறுவர் மோட்டோகுரோஸ் போட்டிகளை நடத்துவோர் பிள்ளைகளை 65 சி.சி., 85 சி.சி., 125 சி.சி. என்று வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கின்றனர். உலகத்திலேயே திறமை மிக்க சிறுவர்கள் அங்கே வருகிறார்கள். அவர்களைக்கூட ஒரு படியைத் தாண்டி அடுத்த படிக்குத் துள்ள விடுவதில்லை. கைதேர்ந்த பிள்ளைகளுக்கே படிக்கட்டு வேண்டியிருக்கும்போது, தோட்டத்து வெளியில் பழகும் நம் பிள்ளைக்கு ஏணி எதற்கு?

தாயின் அச்சம் பொய்யன்று

விற்பனையாளரும் நண்பரும் தாயின் அச்சத்தைச் சிரித்துத் தள்ளிவிடுவது வழக்கம். நாம் அவ்வாறு செய்யப் போவதில்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இத்தகைய மண்பாதை வாகனங்களை ஓட்டலாகாது என்றே அறிவுறுத்தியது. அதற்குக் காரணம் உண்டு. வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளிலே, எலும்பு நீள்வதற்கு இடமான மென்மையான பகுதி ஒன்றுண்டு. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் முழங்காலிலும் அப்பகுதி பழுதடைந்தால், முறிவு ஆறிய பின்னரும் அந்தக் கை அல்லது கால் குறுகியோ கோணியோ வளரக்கூடும். தலைக்காயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஓட்டுவோர் மட்டுமன்றிப் பார்ப்போரும் ஆபத்துக்கு ஆளாகின்றனர் என்பதை நாம் கண்டோம். 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி பொக்ஸ்ஹில் போட்டியில் பந்தயக் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தனர். இந்தியாவின் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் வீரரான சி. எஸ். சந்தோஷ் 2015இல் டக்கார் நெடும்பந்தயத்தை முடித்த முதல் இந்தியர். அத்தகைய அனுபவசாலியே 2021ஆம் ஆண்டுப் போட்டியில் வீழ்ந்து உயிருக்குப் போராட நேர்ந்தது. யானைக்கும் அடி சறுக்கும்.

ஆகவே, பெற்றோரே, ஒன்றைத் தெளிவாக மனத்திற் கொள்ளுங்கள். ஆபத்தில்லாத மண்பாதை மோட்டார் சைக்கிள் என்று ஒன்றில்லை. ஆபத்துக் குறைந்தது, கூடியது என்ற வேறுபாடுதான் உண்டு. “வேண்டாம்” என்று ஒரு தாய் சொன்னால் அது முழுமையான விடை. அதற்காக அவள் யாருக்கும் காரணம் காட்ட வேண்டியதில்லை. கால்மிதி சைக்கிளில் மலைப்பாதை ஓட்டமும், உடற்பயிற்சியும், நீச்சலும் பிள்ளையின் உடலைத் திடமாக்கும். சிறுவயதில் சைக்கிளில் சமநிலை பழகியவன் பின்னாளில் மோட்டார் சைக்கிளையும் நன்றாகவே ஓட்டுவான்.

இன்னொன்று சட்டம். 18 வயது நிறையாதவர்க்கு நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் அனுமதிப்பத்திரம் கிடையாது. எனவே இங்கே நாம் கூறுவன யாவும் வேலியிட்ட தனியார் வெளியிலும், முறைப்படி அமைத்த பயிற்சித் திடலிலும் ஓட்டுவதைப் பற்றியனவே. “சந்திக் கடைவரை போய்ப் பாண் வாங்கி வா” என்று பிள்ளையை வீதிக்கு அனுப்பும் தந்தை, பிள்ளைக்கு ஓட்டக் கற்றுக் கொடுப்பதில்லை. சட்டத்தை மீறவே கற்றுக் கொடுக்கிறார்.

குடும்பம் ஒன்றுகூடி யோசித்து, “சரி, தொடரட்டும்” என்று முடிவு செய்தால், அதன் பின்னரே எந்த வண்டி என்ற கேள்வி எழ வேண்டும்.

எண்ணைக் கண்டு ஏமாற வேண்டாம்

எஞ்சினின் கொள்ளளவைக் கூறும் சி.சி. எண்ணே வண்டியின் வலிமை என்று பலர் நினைக்கின்றனர். 125 என்பது 85ஐவிடப் பெரியது. ஆதலால் 85 சி.சி. வண்டி சாதுவானது, 125 சி.சி. வண்டி முரடானது என்று முடிவு கட்டுகின்றனர். இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர்.

சிறுவர் வண்டிகள் இரு குலத்தைச் சேர்ந்தவை. ஒன்று பழகும் வண்டி. ஹொண்டாவின் சி.ஆர்.எப். 110, சி.ஆர்.எப். 125, யமஹாவின் ரி.ரி.ஆர். 110, ரி.ரி.ஆர். 125 போன்றவை இக்குலத்தின. இவற்றில் நான்கு வீச்சு எஞ்சின் இருக்கும். கைபிடியைத் திருகினால் வலிமை படிப்படியாக ஏறும். பிள்ளை தவறு செய்தால் வண்டி பொறுத்துக்கொள்ளும்.

மற்றது பந்தய வண்டி. கவசாகியின் கே.எக்ஸ். 65, கே.எக்ஸ். 85, கே.டி.எம். நிறுவனத்தின் 65, 85 எஸ்.எக்ஸ். ஆகியவை இக்குலத்தின. இவற்றில் இரண்டு வீச்சு எஞ்சின். குறைந்த வேகத்தில் ஒன்றுமறியாததுபோல் முனகும். ஒரு கட்டத்தைத் தாண்டியதும் பசித்த சிறுத்தைபோல் பாயும். அந்தப் பாய்ச்சலை எதிர்பார்த்திராத பிள்ளை பின்னுக்குச் சாய்வான். சாயும்போது கை தானாகவே கைபிடியை மேலும் திருகும். வண்டி இன்னும் பாயும். விபத்துகளிற் பல இப்படியே நிகழ்கின்றன. பந்தயத்துக்குரிய 85 சி.சி. வண்டியின் வலிமை, பழகும் 125 சி.சி. வண்டியின் வலிமையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்டது. எண்ணிலே சிறியது, குணத்திலே பெரியது.

எடையிலும் இத்தகைய புதுமை உண்டு. சி.ஆர்.எப். 110 ஏறத்தாழ 77 கிலோ, கே.எக்ஸ். 65 ஏறத்தாழ 60 கிலோ. பந்தய வண்டியே இலேசானது. ஆனால் அதன் இருக்கை தரையிலிருந்து 76 சென்ரிமீற்றர். 110இன் இருக்கை 66 சென்ரிமீற்றர்தான். இலேசாக இருப்பதும், உயரமாக இருப்பதும், சீறுவதும் ஒன்றாகச் சேர்ந்த வண்டி அது. ஆகவே ஓர் எண்ணை மட்டும் பார்த்து வாங்குதல் ஆகாது.

பிள்ளையை வண்டியில் வைத்து அளத்தல்

வயதைக் கொண்டு வண்டி தேர்ந்தெடுப்பது சரியன்று. ஒரே வகுப்பில் படிக்கும் பதினொரு வயதுப் பிள்ளைகள் இருவரில் ஒருவன் மற்றவன் தோளுக்கும் எட்டாதிருப்பான். ஆதலால் பிள்ளையையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். வாங்குவதற்கு முன் பிள்ளைக்குச் சப்பாத்தும் தலைக்கவசமும் அணிவித்து, எஞ்சினை இயக்காமல் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

முதலாவது, இருக்கையில் நடுவே நேராக அமரட்டும். இரு பாதங்களின் முன்பகுதியும் ஒரேவேளையில் தரையில் நன்கு ஊன்ற வேண்டும். பெருவிரல் நுனி மட்டும் தொட்டால் வண்டி உயரம். தேர்ந்த ஓட்டக்காரன் ஒரு காலை ஊன்றிச் சமாளிப்பான். மேட்டில் நின்று திரும்பப் பழகாத பிள்ளைக்கு அது முடியாது. நம் மலைநாட்டிலே சமதரை எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்கும் இடத்தில், சமதரையில் எட்டிய காலும் எட்டாமற் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, மிதிகட்டைகளின்மேல் எழுந்து நிற்கட்டும். தந்தை வண்டியைப் பிடித்துக்கொள்ளலாம். முழங்கால் சற்று மடிந்து, முதுகு சற்றுக் குனிந்து, முழங்கை வெளிநோக்கி இருக்கும் நிலை இயல்பாக வர வேண்டும். கூனிக் குறுகி நின்றால் வண்டி சிறிது. கைகளை நீட்டித் தொங்கினால் வண்டி பெரிது. கைபிடியை இருபுறமும் முழுவதும் திருப்பும்போது முழங்கால் இடிக்கக்கூடாது.

மூன்றாவது, பிரேக் பிடியையும் கிளச் பிடியையும் விரல்களால் எட்டிப் பிடித்து முழுவதும் அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். சிறு கைகளுக்கேற்ப அப்பிடிகளை ஓரளவு உள்ளே தள்ளி வைக்கலாம். அப்படி வைத்தும் எட்டாவிட்டால் அந்த வண்டி இவ்வாண்டுக்குரியதன்று.

நான்காவது சோதனை மிக முக்கியமானது. வண்டியைப் புல்தரையில் மெல்லச் சாய்த்துப் படுக்கவையுங்கள். பிள்ளை தானே அதனைத் தூக்கி நிறுத்த வேண்டும். தூக்க முடியாத வண்டி அவன் காலின்மேல் விழுந்தால், அதன் அடியில் கிடந்து சுடும் புகைபோக்கியின் அருகே தந்தை ஓடி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த நாலாவது சோதனையிலேயே மாமன் சொன்ன யோசனை தோற்றுவிடுகிறது. நம் நாட்டில் ஓடும் 200, 250 சி.சி. ஸ்கிராம்பிளர்கள் பெரும்பாலும் 100 கிலோவுக்கு மேற்பட்டவை. இருக்கை 80 சென்ரிமீற்றருக்கு மேல். அவை வளர்ந்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை. முப்பத்தைந்து கிலோப் பிள்ளையின் கீழே அவற்றின் சுருள்வில் அசைந்தே கொடுக்காது. ஒவ்வொரு கல்லும் பிள்ளையின் முதுகெலும்பில் வந்து அடிக்கும். பதினெட்டு வயதில் உதவும் என்று வாங்கும் வண்டி, பதினொரு வயதில் பிள்ளையை முறித்துப் போட்டால் அந்தச் சிக்கனத்தால் வந்த இலாபம் என்ன?

மூன்றையும் ஒருங்கே மாற்றாதீர்

வண்டி மாறும்போது பிள்ளைக்கு மூன்று மாற்றங்கள் நேர்கின்றன. உயரம் மாறுகிறது. வலிமை மாறுகிறது. கையால் இயக்கும் முறை மாறுகிறது. 110 சி.சி. வண்டியில் கிளச் தானாகவே இயங்கும். பிள்ளை காலால் கியரை மாற்றினாற் போதும். அடுத்த வண்டியில் இடக்கையால் கிளச்சை இயக்க வேண்டும்.

எண்கணிதத்தில் கூட்டல் தெரிந்த பிள்ளைக்கு ஒரே நாளில் பெருக்கலும் வகுத்தலும் பின்னமும் கற்பிக்கும் ஆசிரியர் உண்டா? அதுபோலவே, ஒரு வேளையில் ஒன்றிரண்டை மாற்றி, மற்றதைப் பழையபடி விடுவதே அறிவுடைமை. பழகும் 125 சி.சி. வண்டிக்கு மாறினால் உயரமும் கிளச்சும் புதியவை. வலிமை ஓரளவே கூடும். பந்தய 85க்கு நேரே தாவினால் மூன்றும் புதியவை.

அடுத்த படிக்குப் பிள்ளை தயாரா என்பதை எப்படி அறிவது? பெரும்பாலான தந்தையர் வேகத்தைப் பார்க்கின்றனர். வேகத்தைப் பார்க்க வேண்டாம், நிறுத்துவதைப் பாருங்கள். தரையில் ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். முன்சில்லும் பின்சில்லும் வழுக்காமல், பத்துத் தடவையும் கோட்டிலேயே நிறுத்துகிறானா? எட்டு வடிவில், கால் ஊன்றாமல், மெதுவாகச் சுற்றி வருகிறானா? மேட்டில் பாதி வழியில் நின்றுபோன வண்டியைப் பதற்றமின்றித் திருப்பிக் கொண்டு வருகிறானா? களைத்தபோது “இன்றைக்குப் போதும் அப்பா” என்று தானே இறங்குகிறானா? இந்த நான்கும் வந்துவிட்டால் அவன் தயார். கடைசியாகச் சொன்னது மற்ற மூன்றிலும் பெரிது.

சில்லின் அளவையும் கவனிக்க வேண்டும். சி.ஆர்.எப். 125 வண்டியில் இருவகை உண்டு. முன்சில்லு 17 அங்குலமும் பின்சில்லு 14 அங்குலமும் உள்ளது ஒன்று. 19 அங்குலமும் 16 அங்குலமும் உள்ளது மற்றொன்று. முதலாவதன் இருக்கை ஏறத்தாழ 74 சென்ரிமீற்றர். இரண்டாவதன் இருக்கை ஏறத்தாழ 78. பந்தய 85 வண்டிகளிலும் சிறு சில்லு, பெருஞ் சில்லு என்ற இருவகை உண்டு. எஞ்சின் ஒன்றே, உயரம் வேறு. ஆகவே “125 வேண்டும்” என்று மட்டும் சொல்லி வாங்கி வந்தால் பிழைபட இடமுண்டு.

பணத்தை எங்கே செலவிடுவது

2020ஆம் ஆண்டு மார்ச் மாதந்தொட்டு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2025இன் தொடக்கத்திலேதான் அத்தடை தளர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வண்டிகள் கைமாறிக் கைமாறித் தேய்ந்தன. ஆகவே பழைய வண்டி வாங்குவோர் கண்ணை அகலத் திறந்து வாங்க வேண்டும்.

சங்கிலியும் பற்சக்கரமும் தேய்ந்துள்ளனவா என்று பாருங்கள்; பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால் அவற்றின் ஆயுள் முடிந்தது. முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்திக் கைபிடியை ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் உருளைகள் தேய்ந்துள்ளன. முன்கிளைக் குழாய்களில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவுங்கள். காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். அது அழுக்காகக் கிடந்தால், வண்டியைப் பேணியவர் யார் என்பதை அதுவே சொல்லிவிடும். எஞ்சின் ஏற்கனவே சூடாக இருந்தால், “ஆறிய பின் வருகிறேன்” என்று சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி உயிர்பெறுகிறது என்பதைக் காண்பதே உண்மையான சோதனை.

பந்தய எஞ்சின் மணிக்கணக்கில் பராமரிப்புக் கேட்கும். குறித்த மணிநேரம் ஓடியதும் அதன் பிஸ்டனை மாற்ற வேண்டும். இரண்டு வீச்சு எஞ்சினுக்குப் பெற்றோலுடன் எண்ணெயை அளந்து கலக்க வேண்டும். பழகும் வண்டியோ எண்ணெயை ஒழுங்காக மாற்றி, வடிகட்டியைக் கழுவி வந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். வாங்கும் விலையைக் கணக்கிடும் குடும்பம், வளர்க்கும் விலையையும் கணக்கிட வேண்டும். பசு வாங்குபவன் வைக்கோலுக்கும் பணம் வைத்துக்கொள்வதில்லையா?

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செலவிட வேண்டியது கவசங்களுக்கே. முகம் முழுவதையும் காக்கும் தலைக்கவசம், கண்ணாடி, மார்புக்கவசம், முழங்கை முழங்கால் காப்புகள், கையுறை, கணுக்காலுக்கு மேலே உயர்ந்த திடமான சப்பாத்து ஆகிய இவையின்றி ஒரு நிமிடமும் வண்டியை இயக்க விடாதீர்கள். இவற்றுக்குப் பணம் போதவில்லையானால், வண்டிக்கும் பணம் போதவில்லை என்பதே பொருள்.

தலைக்கவசத்தில் “அடுத்த ஆண்டுக்கும் உதவும்” என்னும் மந்திரத்தை மறந்துவிடுங்கள். தளர்ந்த தலைக்கவசம் விழும்போது கழன்று ஓடும். அல்லது கண்ணை மறைக்கும். கன்னத்தை இலேசாக அழுத்துமளவு இறுக்கமாக இருக்க வேண்டும். வாரைப் பூட்டி, பின்புறமிருந்து மேலே உருட்டிப் பார்த்தால் கழன்றுவிடக் கூடாது. பிறர் பாவித்த தலைக்கவசத்தை வாங்க வேண்டாம். ஒருமுறை பலத்த அடிபட்டதன் உட்பஞ்சு நசுங்கியிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

எந்த மண்ணில் ஓடுவது

கண்டியைச் சூழ்ந்த மலைகள் நமக்கு இறைவன் தந்த செல்வம். ஆயினும் மலையெல்லாம் ஓடுகளமன்று. ஹந்தானை மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நக்கிள்ஸ் பாதுகாப்பு வனம் அதே ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. உடவத்தகலை நகரத்தின் நடுவே உள்ள சரணாலயம். இவற்றில் வண்டியோடு நுழைய எண்ணுவதே தவறு.

தேயிலைத் தோட்டத்துப் பாதைகள் பலருக்கு ஆசை மூட்டும். தோட்ட நிருவாகத்தின் அனுமதி பெற்ற பின்னும் ஒன்றை மறத்தலாகாது. அந்தப் பாதை நமக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. லயன்களில் வாழ்வோருக்கு அது அன்றாட வழி. கொழுந்துக் கூடையோடு வரும் பெண்ணும், பாடசாலைக்குச் செல்லும் குழந்தையும், தண்ணீர் எடுத்து வரும் கிழவியும் அதே வளைவில்தான் எதிர்ப்படுவர். அவர்களுக்கு ஒதுங்க இடமிராது. எஞ்சினை அணைத்து, நின்று, அவர்களை முன்னே செல்லவிடும் பிள்ளையே நன்றாக ஓட்டத் தெரிந்த பிள்ளை.

மேலும், மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மழைக்காலத்தில் சரிவிலே சில்லுகள் கீறும் தடம் நீரோடும் வாய்க்காலாகும். ஐப்பசி கார்த்திகையில் பிற்பகல் இடிமழை பிடித்துக்கொண்டால், காலையில் ஓடிய செம்மண் தரை மாலையில் சவர்க்காரமாகிவிடும். ஆகவே காலையிலே ஓடி முடித்து, மழைக்கு முன் வண்டியை ஏற்றிவிடுதல் நலம். வண்டியைச் சிறு லொறியில் ஏற்றிச் செல்லுங்கள். வீதியில் ஓட்டிச் செல்லாதீர்கள்.

அயல் வீடுகளையும் நினையுங்கள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் சன்னலுக்குக் கீழே எஞ்சினை முழக்குவது வீரமன்று.

மகளும் கேட்டால்

அண்ணன் ஓடுவதைப் பார்த்துத் தங்கையும் கேட்பாள். “பெண்பிள்ளைக்கு எதற்கு?” என்னும் விடை இக்காலத்துக்குப் பொருந்தாது. பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாகா உலகக் கிண்ணப் போட்டியில் பெண்கள் பிரிவின் வாகை சூடினார். மேலே சொன்ன நான்கு சோதனைகளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. எலும்பும் அச்சமும் தைரியமும் அப்படியே.

மாணவ நண்பருக்கு ஒரு சொல்

இதனைப் படிக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். புது வண்டி கேட்பதற்கு முன் பழைய வண்டியை நீங்களே கழுவித் துடைத்தீர்களா? சங்கிலிக்கு எண்ணெய் இட்டீர்களா? காற்று வடிகட்டியைக் கழுவி உலர்த்தத் தெரியுமா? இவற்றைச் செய்யும் பிள்ளைக்கு வண்டியின் ஒவ்வோர் ஆணியும் தெரியும். எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று அறிந்தவன் அதனால் விழமாட்டான். இன்னொன்று: இந்த ஆசை உங்களுடையதா, அப்பாவுடையதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அப்பாவை மகிழ்விப்பதற்காக மட்டும் ஏறுகிறீர்கள் என்றால், அதனை அவரிடம் சொல்ல அஞ்ச வேண்டாம். நல்ல தந்தை வண்டியை விற்றுவிட்டு மகனை வைத்துக்கொள்வார்.

முடிவாக, நாம் எண்ணிக்கொண்ட வீட்டுக்கு வருவோம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு, அவன் காலுக்கு எட்டும் சில்லளவுள்ள பழகும் 125 சி.சி. வண்டி தக்கது. கிளச் கைக்கு அடங்கட்டும். கோட்டில் நிறுத்தப் பழகட்டும். ஓராண்டோ ஈராண்டோ கழித்து அவனே பந்தயத்தை விரும்பினால், பயிற்றுநர் ஒருவரின் கண்முன்னே 85ஐப் பற்றி யோசிக்கலாம். மாமனின் 250 அவனுக்குப் பதினெட்டு வயதாகும்வரை காத்திருக்கட்டும். வண்டியின் திறப்பு தாயின் கையில் இருக்கட்டும். கவசம் முழுவதும் அணிந்து அவள் முன்னே வந்து நின்ற பின்னரே திறப்பு கைமாற வேண்டும்.

சட்டையை அடுத்த ஆண்டுக்காகத் தைப்பியுங்கள். வண்டியை இன்றைக்கு உள்ள பிள்ளைக்காக வாங்குங்கள்.